தாத்தா வீட்டு மரச்சட்டங்களைத் தரைப்பலகை ஆக்கலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீட்டை, அதாவது மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பிட்ட கூரையுள்ள வீட்டை, சென்ற மாதம் பிரித்திருக்கிறீர்கள். பத்தடி நீளச் சட்டங்கள் 24, பன்னிரண்டடி உத்திரங்கள் 2, எல்லாம் தேக்கு, கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் முடியும் தறுவாயில் இருக்கும் புது வீட்டில் மாடிப் படுக்கையறைக்கும் கீழ்க் கூடத்துக்கும் மரத்தளம் போட ஆசை. புதுச்சேரியில் ஒரு வியாபாரி, "150 வருடப் பழமை, பிரெஞ்சுக்காரர் வீட்டுத் தேக்கு" என்று பாலிஷ் போட்ட பலகைகளைக் காட்டியிருக்கிறார். தாத்தா வீட்டு மரத்தை விற்றுவிட்டு அதை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். மாடிக்கு உங்கள் தாத்தா வீட்டு மரமே போதும். கீழ்க் கூடத்துக்கு எந்த மரமும் வேண்டாம். வியாபாரியின் பலகைகளை, நீங்கள் எழுதியிருக்கும் நிலையில், யார் பார்த்தாலும் முடிவு சொல்ல முடியாது. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன்.

புதுச்சேரியில் பழைய மரத்தோடு இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புழங்குகிறேன். பழைய மரம் தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது "எத்தனை வருட மரம்?" என்பதைத்தான். நான் அவர்களிடம் கேட்பது "எந்த அறைக்கு?" என்பது. கடலோர ஊரில் தரைக்குப் போகும் மரத்தின் ஆயுளைப் பாதி அது வளர்ந்த காடும், மீதிப் பாதி அது படுக்கப்போகும் இடமும் தீர்மானிக்கின்றன. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நல்ல மரத்தைப் பாழாக்கித்தான்.

குருசுக்குப்பத்தில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. கீழ்க் கூடத்தில் தேக்குத்தளம் போட்டேன். ஒரு பழைய கிடங்கின் உத்திரங்களை அறுத்து எடுத்த பலகைகள். ஒன்றில்கூடக் கணு இல்லை. கீழே இருந்த சிமென்ட் தளம் கண்ணுக்குக் காய்ந்திருந்தது, கைக்கும் காய்ந்திருந்தது. அதற்கு மேல் நான் சோதிக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை பாதியில் ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரங்களும் எழும்பி நடுவில் குழிந்துவிட்டது. வெறுங்காலோடு நடந்தால் ஓட்டுக்கூரை மேல் நடப்பதுபோல் இருந்தது. சுவரோரம் விட்டிருந்த இடைவெளி முழுவதும் அடைபட்டு, வாசற்கதவுக்கு அருகில் தளம் கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டது. தை மாதம் பிரித்தபோது பலகைகளின் அடிப்பக்கம் கருத்துப் பூஞ்சை பூத்திருந்தது. மேல்முகத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்தவன் அடிமுகத்தை அப்படியே விட்டிருந்தேன். தரையிலிருந்து ஏறிய ஈரத்தில் அடிப்பக்கம் விரிந்தது, மேல்பக்கம் விரியவில்லை, பலகை குழிந்தது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மரம் போனதுதான் இன்றைக்கும் மனத்தில் உறுத்துகிறது.

அந்த ஈரத்துக்கு நம் ஊரில் ஓதம் என்று பெயர். பழைய வீட்டுச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்து உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் இருக்கும் நீர், செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள மயிரிழைத் துளைகள் வழியே மேலே ஏறுகிறது. மஞ்சக்குப்பத்துக்கு வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் ஆற்றோரப் பகுதிகள் மூழ்கின. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், தரைக்கு அடியில் அது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல்லோ ரெட் ஆக்சைடோ போடுங்கள். கால் குளிரும், வெள்ளம் வந்தால் கழுவிவிடலாம். கூடத்தில் மரம் இருந்தே தீர வேண்டும் என்றால் ஒரு நல்ல ஊஞ்சல் பலகை மாட்டுங்கள்.

மாடி அறையிலும் ஒரு சோதனை செய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி தடித்த பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு பகலும் இரவும் முழுதாகக் கழிந்தபின் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் தளம் கருத்திருந்தாலோ கான்கிரீட் இன்னும் காயவில்லை. புது கான்கிரீட் வெளியில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். புதுமனை புகும் நாளைக் குறித்துவிட்டோம் என்று அவசரப்படாதீர்கள். அந்த ஒரு அறையைப் பிறகு முடித்துக்கொள்ளலாம்.

இனி மரத்துக்கு வருகிறேன். "பழைய மரம் காய்ந்த மரம், இனி அசையாது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. மழைக்காலத்தில் நூறு வருட நிலைக்கதவும் இறுகுகிறது, மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தளர்கிறது. மரம் எவ்வளவு பழையதானாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப நீரை ஏற்றுக்கொண்டும் இறக்கிக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் மரத்தின் ஈரம் நாளடைவில் ஏறக்குறைய 14 சதவீதத்தில் நிலைகொள்ளும். ஏசி போட்டு அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் நிலைத்தால் மரம் 9 சதவீதத்துக்கு இறங்கும். இந்த ஐந்து சதவீத வேறுபாட்டில் நான்கு அங்குல அகலத் தேக்குப் பலகை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். பன்னிரண்டடி அறை முழுவதுக்கும் கூட்டினால் 34 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல். அசைவு குறைந்த மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கணக்கு. நெடுக்கு வாட்டில் மரம் அசைவது பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. எல்லாச் சிக்கலும் அகலத்தில்தான்.

ஆகவே குறுகிய பலகைகளை விரும்புங்கள். எட்டங்குலம், பத்தங்குலம் என்று அகலப் பலகைகளைக் கடையில் பெருமையாகக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அகலம் கூடக்கூட ஒவ்வொரு இணைப்பிலும் திறக்கும் சந்தும் பெரிதாகும். பகலில் சன்னலைத் திறந்து போட்டு, இரவில் மட்டும் ஏசி போடும் நம் வழக்கத்துக்கு மூன்று, மூன்றரை அங்குலமே தோது. உங்கள் சட்டங்கள் நான்குக்கு மூன்று அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு தானாகவே அமைந்திருக்கிறது.

பழைய மரத்தில் நமக்கு உண்மையாகவே கிடைப்பது வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி. முதிர்ந்த பெரிய மரத்தில் அடிமரம் பெரும்பகுதி வைரம் பாய்ந்திருக்கும். வெளியே ஒட்டிய வெளிறு, அதாவது மென்மையான வெளிர்ப்பகுதி, கொஞ்சமாக இருக்கும். இன்று தோட்டத்தில் வளர்த்து இளம் வயதில் வெட்டும் தேக்கில் வெளிறின் பங்கு அதிகம். நம் கடற்கரைப் பழைய வீடுகளின் நல்ல தேக்கில் பெரும்பகுதி பர்மாவின் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்தது. அந்த நாடு 2014 ஏப்ரலோடு உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடைகளில் இப்போது பெரிதும் விற்பது ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் தோட்டத் தேக்கு. அதைக் குறை சொல்லவில்லை. நல்ல மரமும் அதில் உண்டு. ஆனால் உங்கள் கொட்டகையில் கிடப்பதற்கு ஈடாக ஒன்றை இன்றைக்குக் காசு கொடுத்து வாங்குவது மிகவும் கடினம். விற்காதீர்கள் என்று எடுத்த எடுப்பில் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

சட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். முதலில் முனைகள். டெரஸ் சட்டத்தின் இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்திருந்தவை. சுவர் குடித்த மழைநீரையெல்லாம் அவை வாங்கியிருக்கும், காற்றோட்டமும் இல்லை. நடுப்பகுதி இரும்பாக இருக்கையில் முனை மட்டும் பிண்ணாக்காக உதிரும் சட்டங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன். பேனாக்கத்தியைக் குத்திப் பாருங்கள். கத்தி எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. முனைக்கு ஒரு அடி வீதம் வெட்டி எறிவதாகவே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது உளு, மரத்தைத் துளைக்கும் சிறு வண்டு. ஊசிமுனைத் துளைகள் பழைய மரத்தில் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலானவை எப்போதோ வந்துபோன வண்டுகளின் தடம். இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. அந்தச் சட்டத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் கருந்துணி ஒன்றை விரித்து, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி விழும் பழைய தூளைத் துடைத்துவிடுங்கள். பிறகு தொடாமல் ஒரு வாரம் விடுங்கள். துணியில் அரிசிமாவு போல வெளிர் தூள் மறுபடியும் குவிந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அது தின்பது வெளிறைத்தான், வைரத்தின் பக்கம் போவது அரிது. வெளிறைச் செதுக்கி எறிந்துவிட்டு, புதிதாக அறுத்த முகங்களுக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு முறை தூரிகையால் பூசிக் காயவிட்டால் போதும். பாலிஷ் போட்ட மரத்தில் அந்தக் கரைசல் இறங்காது, ஆகவே இதை அறுத்தவுடனே செய்ய வேண்டும். கரையான் அரித்த சட்டம் வேறு விஷயம். தட்டினால் பொத்தென்று ஓசை வரும், மேல்தோல் மட்டும் நிற்கும். அதைத் தனியே எடுத்து விறகோடு சேருங்கள்.

எல்லாம் தேக்கு என்று சொல்கிறீர்கள். ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உத்திரம் தேக்கிலும் சட்டங்களில் சில வேங்கையிலோ மருதிலோ போடுவது சாதாரணம். சமையற்கட்டுப் பக்கம் பனஞ்சட்டம் போட்டிருப்பார்கள். பனை வேண்டவே வேண்டாம், நார் பிரிந்து காலில் ஏறும். வேங்கையும் மருதும் தேக்கைவிடக் கனமான, உறுதியான மரங்கள்தான், ஆனால் தேக்கோடு ஒரே தளத்தில் கலக்காதீர்கள். ஒவ்வொன்றும் சுருங்கும் அளவு வேறு. வேங்கையில் சாயமும் இறங்கும். சர்க்கரை நோய்க்காரர்கள் வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நிறம் மாறியிருக்கிறதே, அதே சாயம் ஈரத் துடைப்பத்திலும் வரும்.

வேறு சிலவற்றையும் "பழைய மரம்" என்று உங்களிடம் காட்டுவார்கள். ரயில்வே சிலீப்பர் கட்டை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அதில் ஏற்றிய கிரியோசோட் எண்ணெய் உடலுக்குத் தீங்கானது. பழைய படகுப் பலகையில் ஊறிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், திருகாணியையும் தின்னும். நீல, பச்சை வண்ணம் அடித்த பழைய கதவு, சன்னல் பலகைகள் என்றால் அந்த வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அத்தகைய மரத்தை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தூள் கிளப்பிவிடாதீர்கள்.

இப்போது அந்த வியாபாரியின் பலகைகள். நான்கு பக்கமும் இழைத்துப் பாலிஷ் போட்டுவிட்ட பலகையில் வயதுக்குச் சாட்சி எதுவுமே மிஞ்சியிருக்காது. கருப்பாக இருக்கிறது, அதனால் பழையது என்று நம்பாதீர்கள். நூறாண்டுத் தேக்கை இழைத்தாலும் உள்ளே பொன்னிறம்தான் வரும். கருமை என்பது புகையும் அழுக்கும் வெளிச்சமும் சேர்ந்த மேல்தோல். உள்ளும் புறமும் ஒரே சீராகக் கருத்த பலகை பெரும்பாலும் சாயம் குடித்த பலகை. அவரிடம் இழைக்காத சட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான டெரஸ் சட்டத்தின் மேல்முகத்தில், செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பதித்த இடம் வெள்ளைப் படலமாக ஒட்டியிருக்கும். கழுவினாலும் மரத்தின் துளைகளில் அந்த வெள்ளை நிற்கும். ஆணித்துளையைச் சுற்றிக் கருநீலக் கறை மரத்துக்குள் பரவியிருக்கும். துரப்பணத்தால் போட்ட போலித் துளைக்குச் சுற்றிலும் கறை இருக்காது. எந்தத் தெருவில் எந்த வீட்டிலிருந்து வந்தது, பிரிப்பதற்கு முன் எடுத்த படம் உண்டா என்றும் கேளுங்கள். ஒழுங்காக மரம் எடுப்பவர் இதற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்வார். இந்த மூன்றும் கிடைக்காவிட்டால் அவர் விற்பது மரமாக இருக்கலாம், நீங்கள் கொடுப்பது கதைக்கான விலை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செதுக்கு வேலை உள்ள கதவு, நிலை, தூண், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை எதையும் பலகைக்காக அறுக்க விடாதீர்கள். அறுத்ததை வாங்கவும் வாங்காதீர்கள். புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்களுமாகச் சீரமைத்த வீட்டு வரிசையை ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தப் பணிக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரு ஆசாரி மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்கிய போதிகையை முக்கால் அங்குலப் பலகையாகக் கிழிப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. சட்டமும் உத்திரமும் அப்படியல்ல. அவை இன்னொரு வேலைக்குப் போகலாம்.

கணக்குக்கு வருவோம். 4×3 அங்குலம், பத்தடி என்றால் ஒரு சட்டம் கன அடியில் ஆறில் ஐந்து பங்கு. 24 சட்டத்துக்கு 20 கன அடி. 8×6 அங்குலம், பன்னிரண்டடி உத்திரம் ஒன்று 4 கன அடி, இரண்டுக்கு 8. மொத்தம் 28 கன அடி. முனைக்கு ஒரு அடி வீதம் வெட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 22½. ரம்பம் தின்பது, இழைப்பில் போவது, ஆணி, வெடிப்பு, வெளிறு எல்லாம் கழித்து, பழைய மரத்தில் ஒரு கன அடிக்கு ஏழு சதுர அடித் தளம் கிடைத்தால் நல்லபடி கிடைத்தது என்று கொள்வேன். 22½ கன அடிக்கு ஏறக்குறைய 158 சதுர அடி. உங்கள் படுக்கையறை 12×12, அதாவது 144 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 158. மிகச் சரியாக வருகிறது, ஆனால் இழுத்துப் பிடிக்க இடமில்லை. கரையான் அரித்த சட்டங்கள் இரண்டு மூன்று கழிந்தால், கட்டில் நிற்கும் இடத்துக்கு அடியில் வேறு தேக்கைப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு வியாபாரியிடமும் உதவும். அவர் சதுர அடிக்கு விலை சொல்கிறார், மரவாடியில் கன அடிக்குச் சொல்வார்கள். சதுர அடி விலையை ஏழால் பெருக்கி, அறுவைக் கூலியையும் இழைப்புக் கூலியையும் கழித்துப் பாருங்கள். அவர் ஒரு கன அடிக்கு உங்களிடம் எவ்வளவு கேட்கிறார் என்று தெரிந்துவிடும்.

அறுவை மில்லுக்குப் போகும் நாளில் நீங்களும் கூடப் போங்கள். ஆணி இருக்கும் மரத்தை எந்த மில்லிலும் ஏற்ற யோசிப்பார்கள்; ஒரே ஆணியில் பட்டை ரம்பத்தின் பல் வரிசை போய்விடும், ரம்பம் அறுந்தால் ஆளுக்கே ஆபத்து. முந்தின நாள் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வலுவான காந்தத்தையோ உலோகம் காட்டும் கருவியையோ ஓட்டி, காந்தம் இழுக்கும் அல்லது கருவி ஓசை எழுப்பும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட வேண்டும். பழைய ஆணிகள் கொல்லன் உலையில் அடித்தவை, நாலு பட்டையாக, முனை நோக்கிச் சிறுத்து, தலை மொட்டுப்போல. நேராக இழுத்தால் கழுத்தில் ஒடிந்து உடல் உள்ளே தங்கிவிடும். முதலில் சுத்தியலால் தலையில் ஒரு அடி கொடுத்து உள்ளே அசைத்துவிட்டு, பிறகு நெம்பினால் கீச்சென்ற சத்தத்தோடு துருப்பொடி உதிர வெளியே வரும்.

எல்லாம் எடுத்தபின் முதல் சட்டம் ரம்பத்துக்குள் போகும். வெளியே அது அடுப்புக்கரி நிறம், மேல்முகத்தில் சுண்ணாம்பு, ஒரு ஓரத்தில் யாரோ மாட்டிய விளக்குக் கொக்கியின் தழும்பு. ரம்பம் கடந்து இரண்டு துண்டும் பிரியும்போது உள்ளே பனங்கற்கண்டு நிறம். புதுத் தோல் செருப்பின் வாசனை போன்ற ஒரு மணம் கொட்டகை முழுவதும் பரவும். தூளை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பசை தெரியும். இத்தனை ஆண்டுகளில் அந்த முதல் வெட்டை நான் ஒருமுறைகூட அவசரமாகப் பார்த்ததில்லை. உங்கள் அம்மாவையும் முடிந்தால் அழைத்துப் போங்கள். அவர் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரை அது.

அப்போதே ஆசாரியிடம் சொல்லிவிட வேண்டிய ஒன்று: பலகையின் வெட்டுமுனையைப் பார்த்தால் வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி எத்தனை பலகைகள் எடுக்க முடியுமோ அத்தனையும் அப்படி எடுக்கட்டும். படுத்த வளையமுள்ள பலகையோடு ஒப்பிட்டால் இதன் அசைவு ஏறக்குறைய பாதிதான். மரத்தின் நடுத்தண்டு ஓடும் பலகையை ஒதுக்கிவிடுங்கள், அது கட்டாயம் வெடிக்கும். அறுத்த பலகைகளை உடனே இழைக்கக்கூடாது. நடுநடுவே ஒரே அளவு ரீப்பர் துண்டுகள் கொடுத்து, காற்றுப் புகும்படி அடுக்கி, தளம் போடப்போகும் அதே அறையில் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். ஈரமானி வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால், புதிதாக வெட்டிய முகத்தில் ஊசியைக் குத்திப் பாருங்கள். 11, 12 சதவீதத்தில் நின்றால் நம் ஊருக்குச் சரியான நடுநிலை. மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து, மாசியிலோ பங்குனியிலோ தளம் போடுங்கள். மழைக்காலத்தில் போட்டால் கோடையில் சந்து விடும். மேல்காற்றுக் காலத்தில் இறுக்கிப் போட்டால் ஐப்பசியில் எழும்பும்.

போடும் முறையை ஆசாரிக்கு விளக்கத் தேவையில்லை, ஆனால் மூன்று இடங்களில் அவரைச் சும்மா விடாதீர்கள். கான்கிரீட்டின் மேல் பாலிதீன் தாள், அதன் மேல் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், அதன் மேல் பலகை; பலகையின் அடிமுகத்துக்கும் ஒரு பூச்சு கட்டாயம். ஒரு பலகையில் நாக்கும் அடுத்ததில் காடியுமாகக் கோத்து, திருகாணியை நாக்கின் மேல் சாய்வாக இறக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரண இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கும். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் கேட்டு வாங்குங்கள். நான்கு சுவர்களை ஒட்டியும் அரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி விடச் சொல்லுங்கள், ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். "இவ்வளவு சந்து எதற்கு?" என்று கேட்பார். குருசுக்குப்பத்துக் கதையைச் சொல்லுங்கள்.

மேல்பூச்சில் பிரெஞ்சு பாலிஷ் வேண்டாம். அது அரக்கு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் அழகு, தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் சிந்தினால் வெள்ளை வளையம் விழும். பாலியூரித்தேன் பூச்சு உறுதியானது, ஆனால் தேக்கின் எண்ணெய்ப் பசை அதைப் பிடிக்கவிடாது. பூசுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் ஓராண்டில் செதிலாக உரியும். உரிந்தால் முழு அறையையும் தேய்த்துத்தான் மறுபடி பூச வேண்டும். எனக்குப் பிடித்தது தரைக்கென்று விற்கும் கெட்டி எண்ணெய், மெழுகுப் பூச்சு. பளபளப்பு வராது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்யலாம், வெறுங்காலுக்கு மரம் மரமாகவே தெரியும். பழமை தெரிய வேண்டும் என்று விரும்பினால் மேல்முகத்தை முழுக்க இழைத்துவிடாமல், பழைய ரம்பத் தடமும் ஆணிக்கறையும் ஆங்காங்கே நிற்க விட்டு மேடுகளை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மறவாதீர்கள்: இத்தகைய பூச்சுகளில் சேரும் ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கி வெளியில் விரித்துக் காயப் போடச் சொல்லுங்கள்.

ஒருவேளை புதுச்சேரியிலிருந்து கொஞ்சம் தேக்கு வாங்கிச் சேர்க்க நேர்ந்தால், முள்ளோடை எல்லையைத் தாண்டும்போது மாநிலம் மாறுகிறது. தேக்கைக் கொண்டுசெல்வதற்கு வனத்துறை விதிகள் உண்டு. விற்பனை ரசீதும், எந்தக் கட்டடத்தைப் பிரித்து எடுத்தது என்ற கடிதமும் கையில் இருக்கட்டும். ஏற்றுவதற்கு முன் கடலூர் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திருப்பாதிரிப்புலியூர் வீட்டைப் பிரித்ததற்கான காகிதங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

வேலை முடிந்தபின் பலகைகள் மிஞ்சினால் ஆசாரி கேட்பார். ஐந்தாறை மட்டும் கொடுக்காமல் அதே அறையின் பரணில் படுக்க வையுங்கள். பத்தாண்டு கழித்து ஒரு பலகையை மாற்ற வேண்டி வந்தால், அந்த அறையின் காற்றிலேயே கிடந்து, தளத்தோடு சேர்ந்து நிறம் மாறிய பலகை உங்களிடம் இருக்கும்.